அந்த எழுபது கிலோ ஆள் யார்?



என் கிராமம் ராணிப்பேட்டைக்குப் பக்கம். குரோமிய ரசாயனம் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களில் அங்கே மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மழைநீர் அதில் இறங்கி மஞ்சளாக ஓடும். 2006-ல் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் போட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் ஒன்று. "எங்க ஊர் உலக ஃபேமஸ்டா!" என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டவன் நான்!

போன செமஸ்டரில் சார் ஒரு ஃபார்முலா நடத்தினார். தண்ணீரில் உள்ள நச்சின் அளவை, தினமும் குடிக்கும் லிட்டரால் பெருக்கி, உடல் எடையால் வகுக்க வேண்டும். அமெரிக்கக் கையேடுகளில் பல காலம் இருந்தபடி எடை 70 கிலோ, தண்ணீர் 2 லிட்டர். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஆறு இணைதிறன் குரோமியம் என்று கணக்குக் கொடுத்தார். கிலோவுக்கு 0.0029 மில்லிகிராம் வந்தது. 1998-ல் அமெரிக்க அரசு வகுத்த எல்லை 0.003 (2024-ல் அதை இன்னும் குறைத்துவிட்டார்கள்). 'ஆபத்தில்லை' என்று எழுதினேன். முழு மார்க்!

அந்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மா கழனியிலிருந்து வந்து கிணற்றுத் தண்ணீரைச் செம்போடு தூக்கிக் குடித்தார்கள். அம்மாவின் எடை 45 கிலோ. வெயிலில் களை எடுப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கூடப் போதாது. அதே கணக்கை அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 0.0089! எல்லையைப் போல மூன்று மடங்கு.

அக்கா குழந்தை மண்ணில் விளையாடிவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அதற்கும் கையேட்டில் கணக்கு உண்டு. 15 கிலோ குழந்தை வயிற்றில் தினம் 200 மில்லிகிராம் மண், பெரியவருக்கு 100. கிலோவுக்குப் பார்த்தால் குழந்தைக்கு ஒன்பது மடங்கு!

ஃபார்முலாவில் தப்பில்லை. நான் அதில் போட்ட ஆள்தான் எங்க ஊர் ஆள் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்கள்: "நம்பரெல்லாம் இருக்கட்டும்டா. இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் கிணற்றை யாரும் இதுவரை சோதித்ததில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து லேபில் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை கழனிக்கும் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் இப்படிப்பட்ட இடங்களுக்கு சர்வேக்குப் போவோம். மண்ணையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் கொஞ்சம் உட்காருங்கள். எந்தக் கிணறு, எத்தனை செம்பு, பிள்ளைகள் எங்கே விளையாடும் என்று கேளுங்கள். அப்புறம் கால்குலேட்டரை எடுங்கள்.

— மூன்றாமாண்டு, சிவில்