முன்பாரமும் பின்பாரமும்



ஸ்ரீமதுரையில் வாழ்கிற நமக்குப் பாரத்தைப் பற்றி எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதுகில் கொழுந்துப் பையைச் சுமந்து மேடேறுகிற நம் சகோதரிகள், பை சற்றுக் கீழிறங்கித் தொங்கினாலே அதே எடை இரட்டிப்பாகத் தோன்றும் என்பதை அறிவார்கள். டிராக்டர் ஓட்டுகிற சகோதரர்களும் அறிவார்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் மூட்டைகளையெல்லாம் முன்பக்கமாகவே குவித்து ஏற்றத்தில் போனால், டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் உருளத் தொடங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்ப மனமில்லாமல் நேரே போகும். அதற்காகவே டிராக்டரின் மூக்கில் இரும்பு எடைக்கட்டிகளை மாட்டி வைக்கிறார்கள்.

என் தகப்பனார் சமவெளியில் மாட்டுவண்டி ஓட்டியவர். அவர் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்களை வைத்திருந்தார். சுமை முன்னுக்கு மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னுக்கு மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே மூட்டைகளை அடுக்கியபின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனக்க வேண்டும். மிகுதியாகக் கனக்கக் கூடாது. ஏற்றத்தில் தாமே முன்னால் நகர்ந்து அமர்வார், இறக்கத்தில் பின்னால் தள்ளி அமர்வார். தம் உடலையே எடைக்கட்டியாகப் பயன்படுத்தினார் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

இவற்றை இவ்வாரம் எழுத நேர்ந்தது ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரில் குடியிருக்கும் என் தம்பியினால். அவன் ஒரு கேரவன் வாங்கியிருக்கிறான். கேரவன் என்றவுடன் நம்மவர்க்குத் திரைப்பட நடிகர் ஓய்வெடுக்கும் வாகனமே நினைவுக்கு வரும். அது தானாக ஓடுவது. அந்நாட்டில் பெரும்பாலும் காணப்படுவதோ இயந்திரமில்லாத சக்கர வீடு. கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த்தொட்டியும் அதற்குள் இருக்கும். காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். எழுபத்தாறு வயதான எங்கள் தாயாரை ஜூலை மாதம் வரவழைத்து, மேற்கே சுமார் 125 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் டூவூம்பாவுக்கு மலையேற்றி, அதற்கப்பால் உள்நாட்டையும் காட்டுவது அவன் ஆசை. ஆறு ஆண்டுகளாக அவன் அம்மாவைப் பார்க்கவில்லை.

கேரவனை மாட்டியதும் காரின் பின்பகுதி தாழ்ந்து, மூக்கு நிமிர்ந்துவிட்டது. இதற்கு எடையைப் பகிர்ந்தளிக்கும் கம்பிகள் விற்கிறார்கள் என்றும், எந்த அளவு வாங்குவது என்று தெரியவில்லை என்றும் தொலைபேசியில் சொன்னான். ஒரு போதகரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அப்பாவின் வண்டியில் மூட்டை அடுக்கியவன் நான். அது அவனுக்கு நினைவிருந்தது.

பிறகு சில நாட்கள் மாலைப்பொழுதில் அமர்ந்து அதைப் படித்தேன். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் கைப்பிடிகளைத் தூக்கினால் சுமை முன்சக்கரத்துக்குப் போகிறதல்லவா? இணைப்பில் மாட்டப்படும் இரண்டு வில்லெஃகுக் கம்பிகள் காருக்குச் செய்வதும் அதுவே. அவை கேரவனின் சட்டத்தில் வளைந்து முறுகி நின்று, காரின் பின்பகுதியைத் தூக்கிப் பிடிக்கின்றன. தம்பியின் வண்டிக் கணக்கையே சொல்கிறேன். கேரவன் இணைப்புக் குண்டின்மேல் 210 கிலோ அழுத்துகிறது. அந்தக் குண்டு காரின் பின்அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது; முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர். நெம்புகோல் விதிப்படி முன்சக்கரங்கள் 90 கிலோவை இழக்கின்றன. பின்சக்கரங்கள் 210க்குப் பதிலாக 300 கிலோவைச் சுமக்கின்றன. காரைத் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சக்கரங்களே. கம்பிகளை அளவாக முறுக்கினால், இழந்ததில் பாதியான 45 கிலோ முன்னே திரும்புகிறது. சுமார் 30 கிலோ கேரவனின் சொந்தச் சக்கரங்களுக்குப் போகிறது. பின்அச்சில் 225 மிஞ்சுகிறது. மொத்த எடையில் ஒரு கிலோவும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். காரின் இழுவை வரம்பும் இதனால் ஒரு கிலோ கூடுவதில்லை. சில கார்களுக்கு இக்கம்பிகளே கூடாது என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கம்பிகளை 400, 600, 800, 1,000 பவுண்டு என்று தரம் பிரித்து விற்கிறார்கள். கேரவனோடு வந்த விளம்பரத்தாளில் குண்டின்மேல் விழும் எடை 130 கிலோ என்று அச்சிட்டிருந்தபடியால், 400 பவுண்டு, அதாவது 181 கிலோ போதும் என்று தம்பி எண்ணினான். கடைக்காரரோ 1,000 பவுண்டு வாங்குங்கள், பெரியது எப்போதும் பாதுகாப்பு என்றாராம். இந்த ஆலோசனையை நான் அதிகம் அஞ்சினேன். மிகையாக விறைத்த கம்பி வளைந்து கொடுக்காது. பள்ளத்தில் இறங்கும்போது அந்த அதிர்ச்சியைச் சட்டமே வாங்கும். முறுக்கு மிகுந்துவிட்டால் பின்சக்கரங்கள் இலேசாகி, மழைக்கால வளைவில் காரின் பின்பகுதி வழுக்கும். மெலிந்த கம்பியோ வளைந்து கிடக்கும், ஒன்றையும் தூக்காது.

“விளம்பரத்தாளில் இருப்பது வெறும் வண்டியின் எடை, தம்பி. தண்ணீர், எரிவாயு, துணிமணி எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்து. குண்டின் எடையைத் தனியே பார்” என்றேன்.

“அதற்கு ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும் அண்ணா.”

“எடு. எடைச்சீட்டைப் பார்க்காமல் அம்மாவுக்கு விமானச்சீட்டு எடுக்க மாட்டேன்.”

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் மனைவி அழைத்து, “அத்தையை அனுப்ப உங்களுக்கு மனமில்லையோ என்று அவர் வருந்துகிறார்” என்றாள்.

அந்தச் சொல் எனக்குள் தங்கிற்று. அந்நாட்களில் நான் கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 2ஆம் வசனம் பிறருடைய பாரத்தில் பங்கெடுக்கச் சொல்கிறது. 5ஆம் வசனம் ஒவ்வொருவனுக்கும் அவனுக்கே உரிய பாரம் உண்டு என்கிறது. தமிழில் இரண்டிடத்திலும் பாரம் என்ற ஒரே சொல். கிரேக்கத்தில் முதலாவது பாரோஸ், இரண்டாவது ஃபோர்டியோன். மத்தேயு 11:30இல் நுகத்தை அடுத்து ஆண்டவர் சொல்லும் சுமையும் ஃபோர்டியோனே. அழுத்தி நசுக்குவது ஒன்று, அவரவருக்கு அளந்து தரப்பட்டது மற்றொன்று என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடு உண்டு. ஆனால் எது எது என்று பிரிப்பது எடைமேடைக்குப் போகாமல் கூடுவதில்லை. நம் சபையில் எத்தனையோ வீடுகளில், ஊரில் தங்கிவிட்ட ஒரே பிள்ளையின் பின்அச்சின்மேல் வயதான பெற்றோரின் பாரம் முழுவதும் ஏறியிருக்கிறது. அயல்நாட்டிலிருக்கும் பிள்ளை பணம் அனுப்புகிறது, உண்மையாகவே அனுப்புகிறது. பங்கு கேட்டு வருகிற அந்தப் பிள்ளையை நாம்தாம் சில வேளைகளில் நிறுத்திவிடுகிறோம். அம்மாவை அனுப்ப எனக்கு மனமில்லையா? ஆம், ஓரளவு இல்லை. அதையும் எடையையும் தனித்தனியே வைக்க வேண்டியிருந்தது. அன்றிரவே தம்பியை அழைத்து அப்படியே சொன்னேன். அவன் நெடுநேரம் கழித்து, “சனிக்கிழமை எடைமேடைக்குப் போகிறேன்” என்றான்.

சீட்டு வந்தது. கேரவன் 2,100 கிலோ, குண்டின்மேல் 245. கம்பியைப் பற்றிப் பேசுமுன் சுமையை மாற்றி அடுக்கச் சொன்னேன். மூக்குப் பெட்டியிலிருந்த கருவிகளும் நாற்காலிகளும் சக்கரங்களுக்கு நேர் மேலே போயின. எடை 210க்கு இறங்கிற்று. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்நாட்டில் பொதுவாகச் சொல்லும் அளவு அதுவே. அதற்குக் கீழே வெகுவாக இறக்கிப் பின்பாரமாக்கினால் வண்டி வால் ஆட்டும். வேகத்தில் அந்த ஆட்டம் காரையே புரட்டக்கூடும். அப்படி அடுக்கிய வண்டியை எந்தக் கம்பியாலும் திருத்த முடியாது. காரின் பின்அச்சுக்குப் பின்னே டிக்கியிலிருக்கும் 20 கிலோவையும் சேர்த்தால் 230. ஆகவே 600 பவுண்டுக் கம்பி, அதாவது 272 கிலோ. காரின் கையேடும் அனுமதித்தது. கேரவனை மாட்டுமுன் முன்சக்கரத்தின் மேல்வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம், மாட்டியபின் எவ்வளவு, கம்பியை முறுக்கியபின் எவ்வளவு என்று மூன்று முறை நாடாவால் அளந்து எழுதியனுப்பினான். ஏறிய உயரத்தில் பாதி இறங்கியிருந்தது. சாலையை விட்டுச் செங்குத்தான பள்ளத்தில் இறங்குமுன் கம்பிகளைக் கழற்றுவது என்றும் முடிவாயிற்று.

அம்மாவிடம் இவற்றையெல்லாம் விளக்கிச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்தக் கம்பியும் கொக்கியும் எத்தனை கிலோ?” என்றார்கள்.

தம்பி நிறுத்துப் பார்த்தான். 35 கிலோ. அதுவும் காரின் பின்னால் தொங்குவதுதான். கூட்டினால் 265, வரம்புக்கு ஏழு கிலோ மீதி. அம்மாவின் பெட்டி எட்டுக் கிலோ இருக்கும். அது டிக்கிக்குப் போகாமல், பின்இருக்கைக்கு முன்னே, அவர்கள் காலடியில் இருக்கும்.