மருத்துவச் செலவுக்கு ஒரு கச்சேரி

வஹகோட்டை அந்தோனியார் ஆலயத்தை நாடி வருவோரிற் பலர் நோயாளியின் பெயரைச் சொல்லியே மெழுகுதிரி ஏற்றுகின்றனர். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ‘டெத்’, அதாவது சாவு, என்று பெயர் சூட்டிக்கொண்ட ஓர் இசைக்குழுவைப் பற்றி நாம் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். சாவின் பெயரைச் சூடியவரும் வாழவே விரும்பினார் என்பதால் எழுதுகிறோம்.

அமெரிக்காவின் புளோரிடாவிலே சக் ஷுல்டினர் என்னும் இளைஞர் 1980களில் உருவாக்கிய குழு அது. ‘டெத் மெட்டல்’ என்ற இசைவகையின் முன்னோடி. தொண்டை கிழியும் குரலும் இடியென முழங்கும் மேளமும் செவிக்கு இனியன அல்ல. பண்பாட்டுக் காவலர்கள் இதனைச் சீரழிவு என்று ஒதுக்குவர். நாம் அவ்வாறு ஒதுக்க மாட்டோம். அந்த ஆரவாரத்தின் நடுவே கித்தார்கள் கணக்குப் பிசகாமல் பின்னிச் செல்வதைப் பொறுமையோடு கேட்போர் உணர்வர்.

1998 டிசெம்பர் 5ஆம் நாள், லொஸ் ஏஞ்சலிசை அடுத்த ‘விஸ்கி எ கோ கோ’ அரங்கில் அவர்கள் நடத்திய கச்சேரி பதிவாயிற்று. அதன் இறுதிப் பாட்டு, இயந்திரத்தின் துணையால் உயிர் தரித்திருக்கும் நோயாளியைப் பற்றியது, 1988இலேயே வெளிவந்தது. கச்சேரி முடிந்து ஆறு மாதங்களுக்குள் சக்கின் மூளைத்தண்டிற் புற்றுக்கட்டி கண்டறியப்பட்டது. 2000 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் அவர் காப்புறுதி செய்துகொண்டார். 2001இல் நோய் மீண்டபோது, காப்புறுதிக்கு முன்பே கட்டி இருந்ததென்று கூறி நிறுவனம் கைவிரித்தது. இலாபக் கணக்கிலும் பிசகில்லை! குடும்பத்தார் உதவி கோரினர். இரசிகரும் கலைஞரும் நிதி திரட்டினர். அப்பழைய கச்சேரி ‘லைவ் இன் எல்.ஏ.’ என்ற பெயரில் ஒக்டோபரில் இறுவட்டாக வெளிவந்ததும் அவருடைய மருத்துவச் செலவுக்காகவே. டிசெம்பர் 13ஆம் நாள் அவர் மறைந்தார். வயது 34. முன்பே இருந்த நோயைக் காட்டிக் காப்புறுதி மறுப்பதைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் 2010இல் இயற்றப்பெற்று, 2014இலேதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலையின் வாயிலிலே காப்புறுதிப் பத்திரம் கேட்பாரில்லை. இஃது எளிதில் விட்டுக்கொடுக்கத்தக்க உரிமையன்று. ஆயினும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு ‘பெட் ஸ்கேன்’ கருவி வாங்க, 2016இல் பொதுமக்களே 20 கோடி ரூபா திரட்ட நேர்ந்தது. முகமறியா நோயாளிக்காகக் கொடுத்தவர்களை வணங்குகிறோம். அரசின் கடமை உண்டியலுக்கு வந்ததை எண்ணி வெட்கமும் உறுகிறோம். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, வெளியே வாங்கும்படி மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. அச்சீட்டுகளோடு மருந்துக்கடை வாயிலில் நின்றோரிடம் விற்பதற்கு ஒரு கச்சேரியும் இருக்கவில்லை.