வலியறிந்து இழுத்தல்

'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலைகள் பிரியும் சந்தி என்பது பொருள். ரெங்கம் ஊருக்குப் பிரிந்து செல்லும் சந்தியில் அமைந்த ஊரே சிம்பாங் ரெங்கம். ஜொகூர் பாருவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலை இவ்வூர் வழியே ஓடுகின்றது. 1994-ஆம் ஆண்டில் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் அருகிலேயே செல்கின்றது. சுற்றிலும் செம்பனையும் அன்னாசியும் விளையும் நிலம். சாலையை நம்பி வாழும் ஊரில், சாலையில் நின்றுபோன வண்டிகளை நம்பி வாழ்வோரும் இருப்பது இயல்பே அன்றோ?

அத்தகையோருள் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கமானவர். தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்து, பட்டறையில் திருகாணி துடைத்துத் தொழில் கற்றவர். நம் மக்கள் பேச்சில் அவர் ஒரு 'போமன்'. பழுதான கார்களை இழுத்துச் செல்லும் லாரிகளின் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் சுமைக்கு ஏற்பப் பக்குவப்படுத்துவதில் வல்லவர். இதனை 'டியூனிங்' என்பர். வீணைக்குச் சுருதி சேர்ப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நரம்பை முறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே நிறுத்துவது என்பதும் தெரிதல் வேண்டும்.

ஒருநாள் என் பழைய மாணவன் ஒருவன், தவணைக்கு வாங்கிய டீசல் லாரியுடன் அப்பட்டறைக்கு வந்தான். நானும் அங்கிருந்தேன்.

"அண்ணே, கணினியில் அளவை மாற்றினால் குதிரைசக்தி கூடுமாமே? இன்றைக்கே செய்து கொடுங்கள். இரண்டு காரை ஒருசேர இழுத்தால்தான் தவணை கட்ட முடியும்."

"தம்பி, மேடு ஏறுவதைப் பற்றிக் கேட்கிறாய். இறங்குவதை நினைத்தாயா? முதலில் பிரேக்கைப் பார்ப்போம்" என்றார் அவர்.

பின்னர் அவர் விளக்கியது எந்த வகுப்பறைக்கும் ஏற்ற பாடம். லாரி மூன்றரை டன், கார் ஒன்றரை டன் எனக் கொள்வோம். நூறு அடிக்கு ஐந்து அடி உயரும் மேட்டில் அந்த ஐந்து டன்னையும் ஏற்றுவதற்கு, சமநிலத்தில் வேண்டியதற்கு மேல் சுமார் 250 கிலோ எடைக்கு ஒப்பான விசை வேண்டும். இங்கே வேண்டுவது ஓட்டப்பந்தயத்தின் வேகம் அன்று. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசை. பின்னச்சின் பல்விகிதத்தை 4.1-இலிருந்து 4.5-ஆக மாற்றினால், இயந்திரத்தைத் தொடாமலே சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். அதே சுழற்சியில் ஓடும் வேகமோ ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல் இயற்கையின் நீதி.

மாறாக, டீசலை மிகுதியாகப் புகட்டிச் சக்தியைப் பெருக்கினால் வெப்பமும் பெருகும். எரியாத எரிபொருள் கரும்புகையாக வெளிப்படும். பிஸ்டனில் உள்ள அலுமினியமோ 660 பாகை செல்சியசில் உருகும் உலோகம். இயந்திரம் தாங்கினாலும் கிளட்ச் வழுக்கும். கியரின் பல் தேயும். இவையனைத்தும் தாங்கினாலும், சுமை இரட்டித்தால் நிறுத்தவேண்டிய ஆற்றலும் இரட்டிக்கும் என்பதைப் பிரேக் மறப்பதில்லை. மேலும், இயந்திரத்தில் செய்யும் மாற்றங்களைச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலின்றிச் செய்தல் ஆகாது.

இத்தொழிலின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் சாட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்னும் பட்டறைக்காரர், 1916-ஆம் ஆண்டில் பழைய காடிலாக் காரின்மேல் கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தி முதல் இழுவை வண்டியை உருவாக்கினார். பலர் கூடிக் கயிறு கட்டி இழுத்த வேலையைக் கப்பி எளிதாக்கியது. விசையைக் கூட்டுவதினும் அதைச் செலுத்தும் முறையே முதன்மை என்பதற்கு இது சான்று.

இவற்றைக் கேட்டபோது என் நெஞ்சில் தோன்றியது வள்ளுவரின் வலியறிதல் அதிகாரம். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை என்னும் நான்கையும் எடைபோடச் சொல்கின்றார் அவர். இங்கே சுமையே செயல்; இயந்திரமே தன் வலிமை; மேடும் வெயிலும் எதிரி; கியரும் பிரேக்கும் ரேடியேட்டரும் துணை. மெல்லிய மயிலிறகும் அளவு கடந்தால் அச்சை முறிக்கும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. அச்சு முறிவதை அவர் உவமையாகச் சொன்னார். பட்டறையிலோ அது அன்றாடச் செய்தி.

அந்த இளைஞனின் லாரிக்குப் பிரேக்கும் கிளட்சும் புதிதாயின, ரேடியேட்டர் தூய்மையாயிற்று, பின்னச்சின் பற்சக்கரங்கள் மாறின. இயந்திரத்தின் சக்தி கூட்டப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒரு காருக்கு மேல் இழுக்கலாகாது என்ற உறுதியையும் அண்ணன் வாங்கிக்கொண்டார். தவணைச் சுமை கனமானதுதான். ஆயினும் அந்தச் சாலையில் அவன் மட்டுமா செல்கின்றான்? பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டிகளும் உடன் செல்கின்றன அல்லவா?

வகுப்பறையில் நாமும் சுருதி சேர்ப்பவர்களே. பிள்ளைகளை விரைந்து ஓடச் செய்ய விழைகின்றோம். எந்தச் சுமையை ஏற்பது, எதை மறுப்பது, எங்கே நிற்பது என்பவற்றையும் கற்பித்தால்தான் அக்கல்வி அவர்களை வாழ்வின் மேடு ஏற்றும், பள்ளத்திலும் காக்கும்.