மாமியின் வலது கையும் மூன்று விளையாட்டுப் பெட்டிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

இன்பொக்ஸில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன ஆளுக்கு, கையை ஆட்டி விளையாடும் அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கிக் கொடுத்தால் பிரயோசனமா? வாங்குவதென்றால் வீயா, மூவா, கினெக்டா? பழைய சாமான் விற்கிற பக்கங்களில் இப்போது மூன்றும் மலிவாகக் கிடைக்கிறது என்றும் சொன்னார்கள். நாங்கள் டொக்டர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆட்கள். ஆனால் இந்த மூன்றையும் ஒரே மனிசியின் ஒரே கையில் சோதித்துப் பார்த்த குடும்பம் சிலாபத்தில் வேறு இருக்கும் என்று நினைக்கவில்லை.

அது 2012. நாங்கள் கல்வியியற் கல்லூரியில் இருந்த காலம். வாப்பாவின் தங்கச்சி, எங்கட மாமிக்கு, ஒரு சுபஹ் நேரத்தில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. கால் இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பி வந்தது. கை வரவில்லை. விரல்கள் மூடியபடி, தோள் தொங்கியபடி. தக்பீர் கட்ட இடது கை மட்டும் மேலே போகும். சோற்றை இடது கையால் உண்ண மாமிக்கு மனம் வரவில்லை. யாராவது ஊட்டிவிட வேண்டும், அல்லது அரை வயிறு. நாற்பது வருசம் முழுக் குடும்பத்துக்கும் ஆக்கிப் போட்ட கை அது.

பிசியோதெரபி சொல்லிக் கொடுத்தவர் சொன்னது ஒன்றுதான்: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு நூறு தடவையாவது. யார் செய்வார்கள்? பத்துத் தடவை கையைத் தூக்கிவிட்டு மாமி, "போதும் புள்ளைகள், இது பைத்தியக்காரன்ட வேல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முதலில் வந்தது வீ. வெளிநாட்டுக் காசு என்றால் எங்களுக்குக் கட்டார், குவைத். பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இத்தாலி. மாரவில, வென்னப்புவ பக்கம் போனால் வீட்டுக் கேற்றுகளே அதைச் சொல்லும். அப்படிப் பக்கத்து வீட்டு அன்ரியின் மகன் மிலானில் இருந்து அனுப்பி, பேரப்பிள்ளைகள் ஆடிச் சலித்த பெட்டி அது. பிளக் ஊசி மாதிரி மெலிந்தது, மெனு முழுக்க இத்தாலிய மொழி. அன்ரி தானாகவே கொண்டுவந்து தந்தார். எங்கட பழைய பெட்டி டீவியிலேயே வேலை செய்தது, அதுவே பெரிய விசயம்.

வீ 2006 நவம்பரில் அமெரிக்காவில் 250 டொலருக்கு வந்தது. அதற்குள் பெரிய கணினி வித்தை ஒன்றும் இல்லை. ரிமோட்டுக்குள் ஆர்முடுகலை அளக்கும் ஒரு சின்னச் சில்லு. நுனியில் செந்நிறக் கீழ்க் கதிரை மட்டும் பார்க்கும் ஒரு குட்டிக் கெமரா. டீவிக்கு மேலே வைக்கிற அந்தக் கறுப்புப் பட்டியை 'சென்சர் பார்' என்பார்கள், ஆனால் அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத விளக்குகள், அவ்வளவுதான். அன்ரி தந்த பெட்டியோடு அந்தப் பட்டி வரவில்லை. இரண்டு மெழுகுதிரியைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கொளுத்தி வைத்தோம், ரிமோட் ஏற்றுக்கொண்டது. (பிள்ளைகளுக்கு மாயவித்தை. எங்களுக்கு ஒரு நல்ல விஞ்ஞான பாடம்.)

இப்போது முக்கியமான இடம். ஆர்முடுகலை மட்டும் அறிகிற பொருளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. உங்களைக் கண்ணைக் கட்டி, காதையும் அடைத்து, சிலாபத்தில் புத்தளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டால், எடுக்கிறது, பிரேக் போடுகிறது, வளைவில் திரும்புகிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். ஆனால் இப்போது பத்துலுஓயாவா, முந்தலா? தெரியாது. ஒரே வேகத்தில் நேரே போனால் போகிறதா நிற்கிறதா என்பதுகூடச் சந்தேகம். வீ ரிமோட் அந்தப் பயணிதான். கையில் ஒரு சுண்டல் விழுந்தது, இந்தப் பக்கம் சரிந்தது என்பது தெரியும். தோள் எழுந்ததா, முழங்கை நீண்டதா என்பது அதன் விசயமே இல்லை.

மாமிக்கு அதுவே முதலில் வாசலைத் திறந்தது. அவர் விரல்கள் ரிமோட்டைப் பிடிக்காது. கிரேப் பண்டேஜால் உள்ளங்கையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினோம். பந்துருட்டல் சரிவரவில்லை, ஏனென்றால் அதில் பின்பக்கப் பொத்தானை அமத்திப் பிடித்து, விடுகிற நேரம் விரலை எடுக்க வேண்டும். டென்னிஸுக்குப் பொத்தானே தேவையில்லை. ரிமோட்டை மேலே தூக்கினால் பந்து எழும்பும், வீசினால் அடிபடும், ஓடுகிற வேலையைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். முதல் நாள் அந்தப் பந்து அந்தப் பக்கம் போனதைப் பார்த்து மாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. இஷா தொழுதுவிட்டு உட்கார்ந்தால் எழும்ப மாட்டார். சாச்சியின் மகனோடு போட்டி வேறு.

இரண்டு கிழமையில் புள்ளி ஏறிக்கொண்டே போனது. கை ஏறவில்லை.

கவனித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. மாமி கையை வீசவில்லை. தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, இடுப்பால் சரிந்து, முழு உடம்பாலும் ஒரு சுண்டுச் சுண்டுகிறார். ரிமோட்டுக்கு அதுவே போதும். ஐரோப்பாவில், அமெரிக்காவில் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் ஆடிய பொடியன்மார் கண்டுபிடித்த அதே குறுக்கு வழியை, சிலாபத்து மாமியும் தன் பாட்டில் கண்டுபிடித்திருந்தார். நின்டெண்டோவே 2009இல் மோஷன்பிளஸ் என்று சுழற்சியை அளக்கும் ஒரு துணைக் கட்டையை விற்றது. அது வந்த பிறகு திருப்பம் நன்றாகத் தெரிந்தது. இடம் அப்போதும் தெரியவில்லை.

பிசியோதெரபிக்காரருக்குக் காட்டினோம். அவர் திட்டவில்லை. "ஆடட்டும், ஆனால் தோள் ஏறுகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார். யாராவது என்றால், பார்க்கிற பெட்டி ஒன்று.

சோனியின் மூவ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அதை மாமி ஆடியது இரண்டு பின்னேரம்தான். கூடப் படித்த ஒருவரின் வீட்டில் பிளேஸ்டேஷன் 3 இருந்தது. 2010 செப்டெம்பரில் வந்த சாமான். தடியின் தலையில் ஒளிரும் ஒரு உருண்டை, டீவிக்கு மேலே கெமரா. ஏன் உருண்டை? எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் உருண்டை வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டம் பெரிதானால் கிட்ட வந்திருக்கிறது, சிறிதானால் தூரப் போயிருக்கிறது. தடிக்குள் ஆர்முடுகல், சுழற்சி, பூமியின் காந்தப்புலம் மூன்றையும் அளக்கும் சில்லுகள். ஆகவே கை எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பியிருக்கிறது இரண்டும் அதற்குத் தெரியும். அதோடு வந்த மேசைப்பந்து ஆட்டத்தில் குறுக்கு வழி அவ்வளவு இலகுவில்லை. பந்து இருக்கிற இடத்துக்குக் கை போகத்தான் வேண்டும்.

மூன்றிலும் நுட்பம் கூடியது மூவ்தான் என்பது எங்கட அபிப்பிராயம், இன்றைக்கும். ஆனால் மாமியின் கை அந்த இடத்துக்குப் போகாது. போகாத கைக்கு முன்னால் அவ்வளவு நேர்மையான பெட்டி தண்டனை மாதிரி. பதினைந்து நிமிசத்தில், "வீட்ட போவம்" என்றார்.

கினெக்டைக் கட்டாரில் இருந்து லீவில் வந்த நானா கொண்டுவந்தார். 2010 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360க்கு வந்தது. முதல் 60 நாளில் 80 இலட்சம் விற்று கின்னஸ் பதிவே எடுத்தது. கையில் ஒன்றும் இல்லை, நீங்கள்தான் ரிமோட் என்பது விளம்பரம். மாமிக்கு அது விளம்பரம் இல்லை, உண்மையான தேவை. மூடிய விரலைத் திறந்து எதையும் சொருகத் தேவையில்லை, பண்டேஜ் இல்லை.

உள்ளே நடப்பது அழகான வேலை. இஸ்ரேலியக் கம்பனியான பிரைம்சென்ஸின் நுட்பம் அது. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க் கதிரைப் பொட்டுப் பொட்டாக அறை முழுக்கத் தூவுகிறது. பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இருக்கும் கெமரா அந்தப் பொட்டுக்களைப் பார்க்கிறது. கிட்ட இருக்கும் பொருளில் விழுந்த பொட்டு ஒரு பக்கம் கூடுதலாக விலகித் தெரியும், தூரத்தில் விழுந்தது குறைவாக. ஒரு கண்ணை மாறி மாறி மூடிப் பார்த்தால் விரல் தாவுகிறதே, அதே கணக்கு. இப்படி அறையின் ஆழப் படம் நொடிக்கு 30 தடவை கிடைக்கிறது. அதில் எது தலை, எது முழங்கை என்று பிரித்து, உடம்பில் 20 மூட்டுக்களைக் குறிப்பது மைக்ரோசொப்டின் மென்பொருள். ஏராளமான உடம்புப் படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்கள்.

அந்தப் படங்களில் சாரன் உடுத்த ஆளோ, அபாயா போட்ட மாமியோ எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நாங்கள் பகிடி விடுவோம். தொளதொளத்த உடுப்பு இந்த வகைப் பெட்டிக்குக் கஷ்டம் என்பது பகிடி இல்லை, உண்மை. முழங்கால் துணிக்குள் இருந்தால் அது ஊகிக்கத்தான் முடியும். வெயிலும் ஆகாது, சூரியனில் இருந்து வரும் அதே கதிர் பொட்டுக்களை அழித்துவிடும். அதோடு ஆறடி இடைவெளி வேண்டும். விறாந்தைக் கதவைச் சாத்தி, செற்றியையும் குளிர்சாதனப் பெட்டியையும் தள்ளி, ஹோலையே காலி பண்ணினோம். கலியாண வீடு மாதிரி.

பெரும்பாலான ஆட்டங்கள் நின்று ஆடுகிறவை. மாமியால் ஐந்து நிமிசம் நிற்கலாம், பிறகு கதிரை வேண்டும். கதிரையும் ஆளும் ஒட்டிக்கொண்டால் பெட்டி தடுமாறும். வாப்பா வீட்டில் இருந்த முதுகில்லாத முக்காலியைக் கொண்டுவந்து போட்டார், அது கொஞ்சம் பரவாயில்லை.

ஆனால் எங்களுக்கு உதவியது ஆட்டம் இல்லை. மெனுவின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் வரும், கெமரா காண்கிற உங்கட நிழலுருவம் அதில் தெரியும். மாமி ஒரு நாள் அதைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். நிழலின் தோள் காதுக்குப் போவதைக் கண்டார். "அட, கோணலாவல்லா தூக்குறன்" என்றார். நாங்கள் இரண்டு மாதமாகச் சொன்னதுதான். நாங்கள் சொன்னால் கோபம் வரும், நிழல் சொன்னால் வராது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆட்டமே போடாமல், அந்தச் சதுரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தோளைக் கீழே வைத்துக் கையைத் தூக்கிப் பழகுவார். எண்ணுவது சாச்சியின் மகள். நானா லீவு முடிந்து போகும்போது பெட்டியை விட்டுவிட்டுப் போனார். இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது அந்தச் சதுரத்துக்கா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

நிலைக்கண்ணாடி வைத்திருந்தாலே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். வைத்திருந்தோம். மாமி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை, வாய்க்கோணல் அப்போது முழுதாகப் போகவில்லை. நிழலுக்கு முகம் கிடையாது.

ஆகவே கேட்டவர்களுக்கு எங்கட பதில் இது. விரலால் பிடிக்கவே முடியாது என்றால் கினெக்ட், ஆனால் ஹோலில் இடமும் நிற்கத் தெம்பும் வேண்டும். மனம் சோர்ந்துபோன ஆளை முதலில் எழுப்பி உட்கார வைக்க வீ; பக்கத்தில் ஒருவர் தோளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூவ், கை பாதிக்கு மேல் திரும்பிய பிறகு. முதலில் உங்கட பிசியோதெரபிக்காரரைக் கேளுங்கள்.

வாங்க முன்னம் இதையும் வாசித்துவிடுங்கள். கனடாவின் டொரன்டோவில் இருக்கும் டொக்டர் குஸ்தாவோ சபோஸ்னிக்கின் குழு, பாரிசவாதம் வந்து மூன்று மாதத்துக்கு உட்பட்ட 141 பேரை இரண்டாகப் பிரித்தது. இரு சாராருக்கும் வழமையான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு சாராருக்கு வீ, மற்றச் சாராருக்குச் சீட்டு, பிங்கோ, பந்து மாதிரிச் சாதாரண விளையாட்டுக்கள். 2016இல் லான்செட் நியூரொலஜியில் முடிவு வந்தது. இரு சாராரின் கையும் தேறியது. வீ ஆடியவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. அதாவது காசு இல்லாதவர் கவலைப்படத் தேவையில்லை. கெரம் போட் எந்த வீட்டில் இல்லை? திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற எதுவும், கூட இருந்து ஆட ஒரு ஆளும்.

பெட்டிகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. வீ பத்துக் கோடிக்கு மேல் விற்றது, ஆனாலும் இன்று அந்த மாதிரி ஆடுகிறவர் குறைவு. பிரைம்சென்ஸை 2013இல் ஆப்பிள் வாங்கியது. 2017இல் ஐபோன் எக்ஸ் முகத்தைப் பார்த்துத் திறந்தபோது, உள்ளே அதே பொட்டுத் தூவும் வேலைதான். அதே வருசம் மைக்ரோசொப்ட் கினெக்ட் செய்வதை நிறுத்தியது. எங்கட கினெக்ட் அலுமாரிக்கு மேலே, துணி சுற்றி இருக்கிறது. வீயை அன்ரியிடம் எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று.

மாமி இப்போது வலது கையால்தான் உண்ணுகிறார், அல்ஹம்துலில்லாஹ். பிசைந்து, உருட்டி, மெதுவாக. நண்டு என்றால் மட்டும் ஓட்டை உடைத்துக் கொடுக்க இன்னும் ஒரு ஆள் வேண்டும், அதற்கு வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். உடைக்கிற ஆளுக்கும் ஒரு கால் கிடைக்குமே.