குடியிருக்கும் உரிமை

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடி உதையோடு நில்லாமல், இழிசொல்லையும், செலவுக்குத் தர மறுத்தல், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளுதல் முதலான பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையாகவே வரையறுக்கிறது. பாலவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் மேற்கொள்ளப்படும் விழிப்புணர்வுப் பரப்புரை, 181 என்ற மகளிர் உதவி எண்ணை அறிவிப்பதோடு முடிந்துவிடக் கூடாது. மனைவி வாழ்ந்துவந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் சட்ட நடைமுறையின்றி அவரை வெளியேற்ற இயலாது என்னும், 2020இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்திய குடியிருப்புரிமையையே அது முதலில் விளக்க வேண்டும், ஏனெனில் போக்கிடம் இல்லை என்ற அச்சமே பல பெண்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. அலறல் கேட்கும் அண்டை வீட்டாரும் பாதுகாப்பு அலுவலரிடம், அதாவது இச்சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் அரசு நியமிக்கும் அலுவலரிடம், தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது அதற்காக வழக்குத் தொடர முடியாது என 4ஆம் பிரிவு உறுதியளிக்கிறது.