திண்ணையே பட்டறை!

வீட்டிலேயே சின்னச் சின்ன மர வேலை செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் எதைத் தேடுகிறார்கள் தெரியுமா? மேசையை! கனமான தச்சு மேசை, அதன் ஓரத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு இரும்பு வைஸ்... விலையைக் கேட்டதும் பாதி ஆசை அடங்கிவிடும். போட இடம் இல்லை என்றதும் மீதியும் போய்விடும்.

அப்படிப்பட்டவர்கள் தஞ்சாவூரில் வீணை செய்யும் வீடுகளை ஒரு முறை பார்க்க வேண்டும். அங்கே பல இடங்களில் வீடும் பட்டறையும் ஒன்றுதான். பெரும்பாலும் தரையில் உட்கார்ந்தே வேலை நடக்கிறது. பலாமரத் துண்டைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உளியால் குடைகிறார்கள். முரட்டுக் கட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குடம் ஆகிறது. அப்புறம் தண்டி, யாளி முகம், 24 மெட்டுகள், 7 தந்திகள். இந்த 24 மெட்டு அமைப்பு 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் ஆட்சியில் வந்தது என்பார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் மேசை இல்லாத பட்டறையின் பெருமை!

சரி, மேசை எதற்கு? மரம் அசையாமல் இருப்பதற்கு. அவ்வளவுதான். டெல்டா ஊர்களின் பழைய வீடுகளில் அந்த வேலையைத் திண்ணை செய்யும்.

ஒரு அடி நீளப் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கீழ்ப்பக்கம் ஒரு கட்டை, மறுமுனையில் மேல்பக்கம் ஒரு கட்டை அடியுங்கள். கீழ்க்கட்டை திண்ணை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அறுக்க வேண்டிய மரத்தை மேல்கட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரம்பத்தை முன்னால் தள்ளுங்கள். அசையாது. செலவு? பழைய பலகைத் துண்டும் நாலு ஆணியும்.

அடுத்து ஒரு மணை செய்யலாம். மேலே ஒரு பலகை, அடியில் குறுக்காக இரண்டு கட்டைகள். அளப்பது, அறுப்பது, இழைப்பது, மூலைமட்டம் பார்ப்பது எல்லாம் இதிலேயே பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீளம் அவ்வளவாக மாறாது. அதனால் குறுக்குக் கட்டையைப் பசை போட்டு இறுக்கினால் பலகை வெடித்துவிடும். பசை வேண்டாம், திருகாணி போதும். கட்டையில் போடும் துளையை அதன் நீளவாக்கில் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மரம் மூச்சுவிட இடம் வேண்டுமே!

காமர்ஸ் பாடத்தில் மேசை, இயந்திரம், கட்டிடம் எல்லாம் சொத்துக் கணக்கில் ஏறும். ஆனால் வீணைக்காரர் வீட்டின் பெரிய சொத்து எந்தப் பேரேட்டிலும் ஏறாது. தேன்மெழுகுக் கலவையின் மேல் மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கும்போது, சுருதி சரியா என்று சொல்வது அவர் காதுதான். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்தச் சொத்தை விற்கவும் முடியாது, பிறகு தேவைப்பட்டால் வாங்கவும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பழகியவருக்கு மட்டுமே அது கைமாறும்.

ஒரு மணை செய்துவிட்டால் வீணை வந்துவிடாதுதான். ஆனால் ஒரு கட்டையை நேராக அறுக்கத் திணறியவருக்குத்தான் குடத்தைக் குடையும் கையின் அருமை புரியும்.

புது வீட்டில் திண்ணை இல்லையா? வாசற்படி இருக்கிறதே! இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பியுங்கள். முதல் மணை கொஞ்சம் ஆடும். பரவாயில்லை, கட்டையின் உயர்ந்த முனையை ஒரு இழைப்பு இழைத்தால் உட்கார்ந்துவிடும்.