கிறீன்டேல்: கிழவரின் கதையும் கேட்டவர்களின் கோபமும்

நீல் யங் என்ற பெயர் நமது வாசகர்களில் பலருக்குப் பரிச்சயமற்றதாக இருக்கலாம். 1945இல் கனடாவின் டொரொன்டோவில் பிறந்து அமெரிக்காவில் பெயரெடுத்த ரொக் பாடகர். 1972இல் வெளிவந்த இவரது 'ஹார்வெஸ்ட்', அவ்வாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான அல்பம். அதைக் கேட்டு மயங்கியவர்கள் அதன் பின்னர் முப்பது வருடங்களாக அவரிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டதை எப்போதாவது கொடுத்தார். கேளாததைத்தான் அதிகம் கொடுத்தார்.

அப்படிக் கேளாமல் கொடுத்தவற்றுள் ஒன்றுதான் 2003 ஆகஸ்டில் வெளிவந்த 'கிறீன்டேல்'. அப்போது அவருக்கு வயது 57. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 78 நிமிடங்கள், எல்லாம் சேர்ந்து ஒரே கதை. கலிபோர்னியாவில் கிறீன்டேல் என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே கிறீன் குடும்பம். திண்ணையில் அமர்ந்து உலக நடப்பைத் திட்டிக்கொண்டிருக்கும் தாத்தா. பொலிஸ்காரர் கார்மைக்கல் வீதியில் காரை மறித்தபோது, உள்ளே போதைப்பொருளை வைத்திருந்த பதற்றத்தில் அவரைச் சுட்டுவிடுகிறான் உறவுக்காரன் ஜெட். செய்தியாளர்கள் தாத்தாவின் வாசலில் வந்து குவிகிறார்கள். தன்னைத் தன்பாட்டில் விடுங்கள் என்று அவர்களோடு மல்லுக்கட்டியபடியே கிழவர் விழுந்து இறந்துபோகிறார். பதினெட்டு வயதுப் பேத்தி சன், மின்சக்திக் கம்பனியொன்றின் வரவேற்பு மண்டபத்திலுள்ள கழுகுச் சிலையோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்து, ஒலிபெருக்கியில் முழங்குகிறாள்.

சர்ச்சை அல்பம் வெளிவரும் முன்னரே ஆரம்பித்துவிட்டது. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் தனியாளாகக் கிட்டாருடன் அமர்ந்து, எவரும் அதுவரை கேட்டிராத இந்தக் கதை முழுவதையும் பாடினார். பாடல்களுக்கு நடுவே பாத்திரங்களைப் பற்றி அயல்வீட்டார் கதை சொல்வதுபோல் நீளமாகக் கதைத்தார். பழைய பாட்டுகள் இடைவேளைக்குப் பின்னர்தான். பிறகு அமெரிக்காவில் தனது கிரேசி ஹோர்ஸ் குழுவுடன், மேடையிலே திண்ணை கட்டி, நடிகர்களையும் நிறுத்தி அதையே செய்தார். பழைய பாட்டுக்காகக் காசு கொடுத்து வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். மறுபக்கத்தில், பல வருடங்களின் பின்னர் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் இது என்று சிலாகித்தவர்களும் இருந்தார்கள். நடுவில் நின்றவர்கள் குறைவு.

நான் இதனைக் கேட்டது 2004இல், ஆசிரியர் கலாசாலை விடுதியில். நண்பரொருவருக்குக் கனடாவிலிருந்து வந்த இறுவட்டு. டப்ளின் நகரின் விக்கார் ஸ்ட்ரீட் அரங்கில் அவர் தனியாகப் பாடிய காட்சிப் பதிவும் அதனோடு இருந்தது. அறையில் நாங்கள் நான்கு பேர். இரண்டாவது பாட்டிலேயே ஒருவர், "என்னடா மச்சான் இது, ஒரே இழுவையா இழுக்கிறான்! பாடுறானா, கதைக்கிறானா?" என்று எழுந்து போய்விட்டார். நண்பர் பிறகு காட்சிப் பதிவைப் போட்டார். போனவர் கதவருகே வந்து நின்று முழுவதையும் பார்த்தார். அதே பாட்டுகள்தாம். ஆனால் இடையிலுள்ள பேச்சு இல்லாமல் அவருக்கு அது பாட்டாகப் படவில்லை. அல்பத்தைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாட்டின் பெரும்பகுதி இதற்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். கதைசொல்லியைக் கண்டவர்கள் ஒன்றைக் கேட்டார்கள். காணாதவர்கள் இன்னொன்றைக் கேட்டார்கள்.

இசை சலிப்பூட்டுகிறது என்ற குற்றச்சாட்டைப் பொய் என்று சொல்ல முடியாது. குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞரான பிராங்க் சம்பெட்ரோ இதில் வாசிக்கவில்லை. ஒற்றைக் கிட்டார், பாஸ், மத்தளங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். ஒரே மெட்டு பத்து நிமிடம், பதின்மூன்று நிமிடம் என்று நடைபோடுகிறது. ஆனால் சிறு வயதில் பக்கீர் பாவாமார் றபானைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்று கதைபாடியதைக் கேட்ட எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. கதை நீண்டால் மெட்டு சுருங்கத்தான் வேண்டும். அரசனுக்கும் கிழவிக்கும் அதே குரல்தான்.

மற்றைய குற்றச்சாட்டு, பிரசங்கம். இதில் நான் குறைசொன்னவர்கள் பக்கம். பிரசங்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது வகுப்பறையில் நிற்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். பின்வாங்கில் இருப்பவன் ஜன்னலைப் பார்ப்பான். கடைசிப் பாடலில் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தும்போது நானும் ஜன்னலைத்தான் பார்த்தேன். சன் என்ற பெண்ணே அங்கு மறைந்து, ஒரு சுவரொட்டிதான் மிஞ்சுகிறது.

ஆனால் 'கார்மைக்கல்' என்ற பாட்டு இருக்கிறதே, அதற்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். இறந்த பொலிஸ்காரரைப் பற்றிச் சக ஊழியர்கள் நாலு நல்ல வார்த்தை சொல்கிறார்கள். மனைவி வீட்டில் தனியே, இருவரும் விடுமுறையில் கடற்கரைக்குப் போய் ஒரு பிரபல பாடகரைச் சந்தித்ததை நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவரது வேலைக்கு வேறொருவர் வந்துவிடுகிறார். எனினும் அவர் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வருடம்வரை எவரும் நிறுத்துவதில்லை. எங்கள் பாடசாலையில் ஓர் ஆசிரியர் மௌத்தான பின்னர் ஓய்வறையில் அவருடைய கதிரை நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. உட்காராதீர்கள் என்று எவரும் சொல்லவில்லை. அந்தக் கதிரையைப் பற்றி எழுத நான் பலமுறை முயன்றிருக்கிறேன். இந்த மனிதர் அதனை ஒரு வாகனத் தரிப்பிடத்தை வைத்துச் செய்துவிட்டார்.

இரசிகர்கள் கோபித்தது அதுவே முதற்தடவையுமல்ல. 1982இல் 'ட்ரான்ஸ்' என்ற அல்பத்தில் தன் குரலை இயந்திரத்தினூடாகத் திரித்துப் பாடினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு கெஃபன் இசைத்தட்டு நிறுவனம், அவர் அவராகவே பாடவில்லை என்ற தோரணையில் 33 இலட்சம் டொலர் கேட்டு வழக்கே போட்டது, பின்னர் கைவிட்டது. பெருமூளை வாதத்தால் பேச முடியாதிருந்த தன் மகனோடு தொடர்புகொள்ளப் பட்ட பாடுதான் அந்த இயந்திரக் குரல் என்று அவர் விளக்கியது பிற்பாடுதான். அதன் பின்னர் அந்த அல்பத்தைக் கேட்பவர் முன்போலச் சிரிப்பது கடினம். 'கிறீன்டேல்' விடயத்தில் அப்படி மறைந்திருக்கும் காரணம் எதுவுமில்லை. ஈராக் மீது படையெடுப்பு நடந்த ஆண்டில், உங்களைக் கண்காணிக்க நாங்கள் இருக்கிறோம், கவலையை விடுங்கள் என்று குடிமக்களுக்குச் சொல்லும் அதிகாரத்தின் குரலை அவர் பகிரங்கமாகவே கேலி செய்கிறார்.

பகிரங்கமாகச் செய்த கேலி இன்னொன்றும் உண்டு. அல்பத்தின் முதற் பாட்டிலேயே தாத்தா, இதைப் பாடிக்கொண்டிருக்கும் பாடகரைச் சாடுகிறார். இத்தனை காலமாகப் பாடுகிறாரே, இன்னும் புதிதாகச் சொல்ல இவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பது அவரது சந்தேகம். கூச்சலிட்டவர்களும் விமர்சகர்களும் பின்னர் சொன்னதை யங் முன்கூட்டியே எழுதி, தன் கதையின் மிக நல்ல மனிதருடைய வாயில் வைத்துவிட்டார்.

கதையைப் பேர்னாட் ஷேக்கி என்ற புனைபெயரில் அவரே சுப்பர் 8 படச்சுருளில் திரைப்படமாகவும் எடுத்தார். அதில் எவருக்கும் சொந்தக் குரல் கிடையாது. எல்லோரும் யங்கின் பாட்டுக்கு வாயசைக்கிறார்கள். தாத்தாவாக வருபவர் பென் கீத், 2010இல் காலமானார். 1972இல் 'ஹார்வெஸ்ட்'டில் ஸ்டீல் கிட்டார் வாசித்த அதே மனிதர். திண்ணையில் அமர்ந்தபடி, தன் பழைய கூட்டாளியைக் கிண்டல் செய்யும் சொற்களுக்கு அந்தக் கூட்டாளியின் குரலிலேயே வாயசைக்கிறார்.